காசுமாலையில் கோத்த பழைய காசு எந்த நாட்டுக் காசு? கண்டுபிடிக்கும் முறை

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பிளாஸ்டிக் வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி), 10 மடங்கு லென்ஸ், டார்ச். இரும்பு வெர்னியர் தங்கத்தில் கோடு போட்டுவிடும், வேண்டாம். புளி, பல்பொடி போட்டுத் தேய்க்கவும் கூடாது. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

முதலில் விட்டத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். உருவத்தைப் பார்ப்பது அப்புறம்தான். நம் பக்கத்துத் தங்கக் காசு நகைகளில் அதிகம் வருபவை மூன்று:

பிரிட்டிஷ் சவரன்: 22.05 மி.மீ., 7.98 கிராம், 22 காரட்
அரைச் சவரன்: 19.3 மி.மீ., 3.99 கிராம், 22 காரட்
வெனிஸ் டுகாட் (இத்தாலிய நகரமான வெனிஸின் பழைய தங்கக் காசு): 20 முதல் 21 மி.மீ., சுமார் 3.5 கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம்

வளையத்தோடு சேர்த்துத்தான் எடை போடுகிறோம். அதனால் வரும் எண் இவற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சவரன் அளவில் இருக்கும் காசு வளையத்தோடும் 7.9 கிராமைத் தொடவில்லை என்றால், ஒன்று நிறையத் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் அது நாணயச்சாலையில் அடித்த காசே இல்லை.

சவரன் என்றால் வேலை சுலபம். குதிரை மேல் வீரன், கீழே டிராகன், அதன் கீழே ஆண்டு. தலைப் பக்கத்தில் விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பார். எட்வர்டு (1902–1910) வலப்பக்கம், ஐந்தாம் ஜார்ஜ் மறுபடி இடப்பக்கம். ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில், காசு அடித்த ஊரைக் காட்டும் ஒரு சின்ன எழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எம் மெல்போர்ன், எஸ் சிட்னி, பி பெர்த். 1918 ஆண்டோடு 'ஐ' இருந்தால் பம்பாயில் அடித்தது. அங்கே அந்த ஒரு ஆண்டு தேதியில் மட்டுமே சவரன் அடித்தார்கள். 1887க்கு முந்தைய விக்டோரியா காசில் இந்த எழுத்து தலைக்குக் கீழே இருக்கும், கேடயம் போட்ட வகையில் கேடயத்துக்குக் கீழே. தரைக்கோட்டில் மட்டும் தேடிவிட்டு, எழுத்தே இல்லை, அதனால் 'லண்டன்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எல்லோரும் மாட்டிக்கொள்வது டுகாட்டில்தான். ஆண்டே இருக்காது. ஒரு பக்கம் நிற்கும் புனித மாற்குவின் முன் ஒருவர் மண்டியிட்டிருப்பார், நடுவில் கொடிக்கம்பு. மண்டியிட்டிருப்பவர் வெனிஸின் ஆட்சியாளரான தோஜ். மறுபக்கம் நீள்வட்டத்துக்குள் இயேசு, சுற்றிலும் நட்சத்திரங்கள். தேய்ந்த காசில் இது ஏதோ சாமி உருவம் மாதிரியே தெரியும். காலத்தைச் சொல்வது விளிம்பில் இருக்கும் தோஜின் பெயர் மட்டும்தான், வளையம் பற்றவைத்த இடத்தில் அதுவும் பாதி மறைந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போலப் பிடித்துக் காசை மெதுவாகச் சுற்றுங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியவே தெரியாது.

'லுடோ மனின்' என்று படித்தால் 1789–1797, கடைசி தோஜ். 'பவுல் ரைனர்' என்றால் 1779–1789. 'அலோய் மோசெனி' என்றால் அவசரப்பட வேண்டாம்: அல்விசே மொசெனிகோ என்ற பெயரில் நான்கு தோஜ்கள் இருந்திருக்கிறார்கள், முதல்வர் 1570லும் நான்காமவர் 1763லும் பதவிக்கு வந்தவர்கள்.

பெயரைப் படித்துவிட்டாலும் வெனிஸ் காசு என்று உறுதியாகாது. டுகாட்டைப் பார்த்து இந்தியாவிலேயே நகைக்காக நிறைய அடித்திருக்கிறார்கள், அவற்றிலும் பல நல்ல தங்கம். தங்கமா என்பது ஒரு கேள்வி, வெனிஸில் அடித்ததா என்பது வேறு கேள்வி. பல நகல்களில் எழுத்துகள் படிக்கவே முடியாத வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும். மாலையில் பல காசுகள் இருந்தால் வரிசையாக ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே குழி இருந்தால் ஒரே அச்சில் வந்தவை.

உலோகத்தைப் பார்க்க, டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நைலான் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். வளையத்தில் காற்றுக் குமிழி நின்றால் கணக்கு தப்பும், லேசாக ஆட்டிவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும், வருவது அடர்த்தி. 8.45 கிராம், 0.48 என்றால் 17.6, 22 காரட்டுக்குச் சரி. பித்தளை 8.5 பக்கம் நிற்கும். டுகாட்டுக்கு இந்தத் தராசு போதாது: 3.5 கிராமில் 0.18க்கும் 0.20க்கும் உள்ள வித்தியாசம் விடையை 19.4லிருந்து 17.5க்கு இறக்கிவிடும். 0.001 காட்டும் தராசு வேண்டும்.

பின்னர் சேர்த்தது: கடையில் தங்கத்தின் தரம் காட்டும் கேரட் மீட்டரில் வைத்தபோது சவரன் 20 காரட் காட்டியது என்று சிலர் கேட்டார்கள். வளையத்துக்குப் பக்கத்தில் படிந்திருக்கும் பற்றவைப்பைத்தான் அது படித்திருக்கும். காசின் நடுவில், இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரசுவதென்றால் வளையத்தை மட்டும் உரசலாம், ஆனால் அந்த விடை காசுக்குப் பொருந்தாது. இதெல்லாம் முடியும்வரை வளையத்தைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். மறுபடி சூடு படும்போது பக்கத்து எழுத்துகளும் உருகிப்போகலாம்.