வார்டு மரங்களைக் கணக்கெடுக்க அரசு நிதி கேட்பது எப்படி: டெல்டா ஊர்களுக்கு ஒரு செய்முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னை இழந்த விவசாயிக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் கணக்கிட முடிந்தது. தெருவோரம் நின்ற புங்கனுக்கும் வேம்புக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் அப்படி யார் கணக்குச் சொல்வது? முன்பு எத்தனை நின்றன என்று எழுதி வைக்காத தெருவில், எத்தனை போயின என்றும் சொல்ல முடியாது, எத்தனை திரும்ப நட வேண்டும் என்றும் சொல்ல முடியாது.

மகாராஷ்டிரத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டமே நகரங்களில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மரக் கணக்கெடுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1955இல் வந்த மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப் பகுதிகளுக்கானது. அதனால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இந்த வேலை நடக்க வேண்டுமென்றால், ஊர்க்காரர்கள் யாராவது கேட்க வேண்டும். முதல் முறையாகக் கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கள் வார்டு மரங்களைக் கணக்கெடுக்க விரும்புகிறோம்" என்று போய் நின்றால், "எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கான பதில்தான் விண்ணப்பத்தின் உயிர்.

நிழல், பறவை, காற்று என்று எல்லாவற்றையும் அடுக்க ஆசை வரும். ஒன்றை மட்டும் எடுங்கள். நம் பக்கத்துக்கு நான் சொல்வது புயல். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் எந்த மரத்தின் கிளையைக் கழிக்க வேண்டும், எந்த மரத்தின் அடியைச் சிமென்ட் இறுக்கியிருக்கிறது, வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது எந்த மரத்துக்கு ஒரு பக்கத்து வேர் போய்விட்டது என்ற பட்டியல் நகராட்சிக்கே வேண்டிய ஒன்று. வேர் அறுபட்ட மரம்தான் காற்றில் முதலில் சாயும். "மழைக்காலத்துக்கு முன் கவனிக்க வேண்டிய மரங்களின் பட்டியலைத் தருவோம்" என்று எழுதினால், அலுவலர் அந்தக் காகிதத்தை வேறு கண்ணோடு படிப்பார்.

படி 2: ஒரு தெருவை நீங்களே எடுத்துப் பாருங்கள்

நிதி கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் செலவு எவ்வளவு ஆகும், எத்தனை ஆள் வேண்டும், எங்கே சிக்கல் வரும் என்று எல்லாமே இந்த ஒரு தெருவில் தெரிந்துவிடும்.

இருவர் போதும். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. தையல்காரரின் டேப் சிறிய மரத்துக்குப் போதும். வயதான இலுப்பைக்கும் அரச மரத்துக்கும் நீள டேப் வேண்டும். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை எடுங்கள். இந்திய வன அளவைத் துறை பின்பற்றும் உயரமும் இதுதான் என்பதால், உங்கள் கணக்கை வனத்துறையினர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியும். விட்டம் வேண்டுமென்றால் சுற்றளவை 3.14ஆல் வகுங்கள்: 94 செ.மீ. சுற்றளவு என்றால் ஏறக்குறைய 30 செ.மீ. விட்டம். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகப் பிரியும் மரத்தில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளந்து, ஒரே எண்ணின் கீழ் எழுதுங்கள்.

ஒவ்வொரு மரத்துக்கும் எண், தேதி, எந்த வீட்டுக்கு எதிரே, செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஊரில் வழங்கும் பெயர், சுற்றளவு, உத்தேச உயரம், நிலைமை, மேலே மின்கம்பி போகிறதா, அடியில் மண் தெரிகிறதா, ஒரு புகைப்படம். இவ்வளவு போதும். இதற்குமேல் கட்டம் சேர்த்தால் மூன்றாவது நாளே பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். நோட்டிலும் எழுதலாம், கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலியிலும் எழுதலாம். செயலியில் எழுதினால் வரைபடம் போடுவது சுலபம்.

மரத்தில் ஆணி அடித்து எண் பலகை மாட்டாதீர்கள். பட்டையில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வாசல். இருப்பிடக் குறிப்பும் படமும் இருந்தால் மரத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.

இனம் தெரியாத மரம் கட்டாயம் வரும். வாகையையும் தூங்குமூஞ்சியையும் பல தெருக்களில் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். முன்னது நம் நாட்டு மரம், பின்னது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இலை, பூ, காய், பட்டை என நான்கு படம் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையைக் கேளுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரச் சேகரிப்பகம் (இனம் கண்டு உலர்த்திப் பாதுகாக்கும் தாவரங்களின் தொகுப்பு) இருக்கிறது. ஒரு தாவரவியல் ஆசிரியர் உங்கள் இனப் பட்டியலைச் சரிபார்த்துத் தருவார் என்று விண்ணப்பத்தில் எழுத முடிந்தால், அதற்குத் தனி எடை உண்டு. அவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள்.

படி 3: மரம் யார் நிலத்தில் நிற்கிறது?

தெருமரம் என்றாலே நகராட்சியுடையது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அரசலாற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ நிற்கும் மருதமும் நாவலும் நீர்வளத் துறையின் எல்லைக்குள் வரும். கோயில் வளாகமும் பல குளக்கரைகளும் இந்து சமய அறநிலையத் துறைக்கு. திருவிடைமருதூரின் தலமரமான மருதத்தை அளக்க வேண்டுமென்றால் கோயில் நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

எல்லோரிடமும் அனுமதி வாங்கிய பிறகே தொடங்குவது என்றால் ஒரு வருடம் ஓடிவிடும். அதனால் முதல் விண்ணப்பத்தை நகராட்சி அல்லது பேரூராட்சி பராமரிக்கும் தெருக்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆற்றங்கரை அடுத்த கட்டம்.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது

மரக் கணக்கெடுப்புக்கென்றே பெயர் வைத்த திட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். ஏற்கெனவே யாருக்கு இந்த வேலை கடமையாக இருக்கிறதோ, அவர்கள் வழியாகக் கேட்பதுதான் குறுக்கு வழி.

அந்தக் கடமை மிகத் தெளிவாக இருக்கும் இடம் பல்லுயிர் மேலாண்மைக் குழு. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என ஒவ்வோர் உள்ளாட்சியும் இந்தக் குழுவை அமைக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து, ஊரின் தாவரங்களையும் விலங்குகளையும் எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டைத் தயாரிப்பது இந்தக் குழுவின் முதன்மையான வேலை. வார்டு மரங்களின் கணக்கு அந்தப் பதிவேட்டின் ஒரு பகுதியாக நேரடியாகப் பொருந்தும். 43ஆம் பிரிவு உள்ளூர்ப் பல்லுயிர் நிதி என்ற ஏற்பாட்டையும் சொல்கிறது. அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: குழு இருக்கிறதா, பதிவேடு தயாராகிவிட்டதா, கடைசியாக எப்போது அதில் புதிதாகச் சேர்த்தார்கள்? வாய்மொழியில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். பதிவேட்டில் மரங்கள் இல்லை என்று அவர்களே எழுத்தில் சொல்லியிருந்தால், உங்கள் தேவையை வேறு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அடுத்தது நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். வர்த்தகர் சங்கம், முன்னாள் மாணவர்கள், ரோட்டரி போன்ற அமைப்புகள் இருக்கும் ஊருக்கு இது ஏற்றது. ஆனால் வெறும் கணக்கெடுப்பாகக் கொண்டு போகாமல், காலி இடங்களில் மரம் நடும் வேலையோடு சேர்த்தே கொண்டு போங்கள். நடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தப் பணியாகக் கணக்கெடுப்பு உள்ளே வரட்டும். மதிப்பீடு போடும் பொறியாளரிடம் முன்பே பேசி, அது ஏற்கப்படுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வனத்துறையும் உண்டு. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுவும் இருக்கிறது. பொது இடத்து மரத்தை வெட்டும் விண்ணப்பங்கள் அங்கே போகின்றன. இவர்களிடம் பெரும்பாலும் கன்றும் ஆலோசனையும்தான் கிடைக்கும். ஆனாலும் விண்ணப்பத்தின் நகலை மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பி வையுங்கள்.

எம்.பி. தொகுதி நிதியை இதற்காகக் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துகளை உருவாக்குவதற்கான பணம் அது.

படி 5: மதிப்பீடு

படி 2இல் எடுத்த தெரு இப்போது கை கொடுக்கும். இருவர் ஒரு காலையில் 60 மரம் முடித்தார்கள், வார்டில் 1,200 மரம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 காலை வேலை. ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 20,000. பத்தில் ஒரு பங்கு மரங்களை வேறு இருவர் மறுபடி அளந்து சரிபார்க்க 2 காலை, 2,000. டேப், நோட்டு, அச்சு 5,000. தாவரவியல் ஆசிரியரின் பயணச் செலவு 3,000. மொத்தம் 30,000 ரூபாய்.

அந்த மறு அளவீட்டை வெட்டிவிடாதீர்கள். சரிபார்க்காத கணக்கை யார் வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். தொகையைக் கூட்டிக் கேட்டால் குறைத்துத் தருவார்கள் என்ற யோசனையும் வேண்டாம். ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் சிறிய மதிப்பீடு எளிதில் கையெழுத்தாகும்.

படி 6: விண்ணப்பம்

ஒரே பக்கம். பெறுநர், மாநகராட்சி அல்லது நகராட்சி என்றால் ஆணையர்; பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். பொருள் வரியை இப்படி எழுதலாம்:

"பொருள்: 14ஆவது வார்டு தெருவோர மரங்களைக் கணக்கெடுத்து மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் சேர்க்கவும், பருவமழைக்கு முன் கவனிக்க வேண்டிய மரங்களின் பட்டியல் தயாரிக்கவும் நிதி ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக."

உள்ளே நான்கு பத்தி: என்ன தேவை, மாதிரித் தெருவில் என்ன கண்டீர்கள், எப்படிச் செய்வீர்கள், எவ்வளவு தொகை எந்தத் தேதிக்குள். இணைப்பாக மாதிரித் தெருவின் அட்டவணை, வரைபடம், மதிப்பீடு, ஆசிரியரின் கடிதம், சங்கப் பதிவுச் சான்று. பதிவு பெற்ற சங்கம் இல்லாவிட்டால் பதற வேண்டாம். பணியை உள்ளாட்சியே பல்லுயிர்க் குழு வழியாக நடத்தட்டும், நாங்கள் களப்பணி செய்கிறோம் என்று எழுதலாம். சங்கம் பதிய நினைத்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

கொடுக்கும் முன் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். தெருக்காரர்கள் பத்துப் பேர் எழுந்து "எங்களுக்கு இது வேணும்" என்று சொல்லிப் பதிவான தீர்மானத்தை ஒதுக்கி வைப்பது கடினம்.

காலமும் முக்கியம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதற்கு முன்பே தயாராகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் இறங்கி அளக்க முடியாது. அந்த நேரத்தை எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டு, மார்கழிக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால், அந்தச் சீட்டின் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.

படி 7: பணம் வந்த பிறகு

தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, கூலி வாங்கியவரின் கையெழுத்து. டேப் வாங்கிய 80 ரூபாய்க்கும் பில் வேண்டும். வேலை முடிந்ததும் அட்டவணையை யாரும் திறந்து பார்க்கக்கூடிய வடிவில் நகராட்சிக்கும், பல்லுயிர்க் குழுவுக்கும், மாவட்ட வன அலுவலருக்கும் கொடுங்கள். கவனிக்க வேண்டிய மரங்களின் பட்டியலை மட்டும் தனி ஒரு பக்கமாக எடுத்து, செப்டம்பருக்குள் பொறியியல் பிரிவிலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பயன்பாட்டுச் சான்றிதழ். ஒதுக்கிய தொகை, செலவான தொகை, மீதி, கையெழுத்து என்று எளிய படிவம்தான். அதைக் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வார்டுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் இணைப்பாக அது இருக்கட்டும்.