ஜனவரியில் விலை ஏறுதாம், ஆம்ப் வாங்கிடலாமா?

நவம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் வந்துவிடும்: "பாஸ், ஜனவரி முதல் விலை ஏறுது, இப்பவே புக் பண்ணிடுங்க." பொய் இல்லை. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று பாட்டுக் கேட்கும் சாதனங்கள் செய்யும் உயர்ரக ஹை-ஃபை கம்பெனிகள் பலவும் வருடா வருடம் விலையை ஏற்றத்தான் செய்கின்றன. அதற்காக உடனே சிங்கப்பூரில் ஹை-ஃபை கடைகள் நிறைந்த அடெல்ஃபிக்கு ஓட வேண்டாம். முதலில் கால்குலேட்டரை எடுங்கள்.

10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆம்புக்கு 5 விழுக்காடு ஏற்றம் என்றால் 500 வெள்ளி. அதே கடையில் மாதக்கணக்காகப் பாடிக்கொண்டிருக்கும் டெமோ பீஸை விலை கேட்டால் பெரும்பாலும் அதைவிட அதிகம் குறைப்பார்கள். பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்தில் நாலு கீறல் இருக்கும். சுவரைப் பார்த்து நிற்கப்போகிற பக்கம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். ரிமோட்டும் அசல் பெட்டியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழுதான பொருளை விற்ற கடையே பொறுப்பேற்க வேண்டும் என்கிற லெமன் சட்டம், கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அது கிடையாது.

ஒரு வருட ஏற்றம் யாரையும் சாய்க்காது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டே போகிறவருக்குத்தான் அடி. வருடம் 5 விழுக்காடு விடாமல் ஏறினால் 14 வருடத்தில் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

அப்புறம், நாணய மாற்று. 2020 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்குச் சுமார் 80 யென். 2024 நடுவில் 115-க்கும் மேல். 8 லட்சம் யென் கருவி 10,000 வெள்ளியிலிருந்து 7,000-க்கும் கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். கடை விலை அப்படியே இறங்காது. வாடகை, கப்பல் கூலி, ஏஜென்ட் பங்கு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஜப்பான் கம்பெனி 10 விழுக்காடு ஏற்றியது என்று யாராவது சொன்னால், "போன ஏற்றத்துக்கு அப்புறம் யென் எங்கே போச்சு பாஸ்?" என்று கேளுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டால் பேரத்துக்கு இடம் இருக்கிறது.

புக் பண்ணுவது என்று முடிவானால் எழுதி வாங்குங்கள். பொருள் இங்கே கையிருப்பில் இருக்கிறதா, இனிமேல்தான் வரவேண்டுமா? டிசம்பரில் முன்பணம் கட்டி மார்ச்சில் வந்தால் எந்த விலை? வராவிட்டால் முன்பணம் திரும்புமா? சொன்ன விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா? வாயால் சொல்லும் விலையிலும் அது சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. இருந்தாலும் கேளுங்கள்.

ஜப்பானிலிருந்து நேரடியாகத் தருவிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உள்நாட்டு மாடல் 100 வோல்ட், நம் வீட்டில் 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் புகைதான். கருவி விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டித்தான் ஜிஎஸ்டி போடுவார்கள். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் ஆம்பை விமானத்தில் ஏற்றினால் மிச்சம் பிடித்தது கூலிக்கே போய்விடும். இங்குள்ள ஏஜென்டின் வாரன்டியையும் எதிர்பார்க்க முடியாது.

பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் ஸ்பீக்கர் பார்த்தால் முன்பக்க மூடியான கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பர் என்றால் கவலை குறைவு. ஃபோம் என்றால் விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இந்த ஊர் ஈரத்தில் அது பொடிந்து விரலோடு வந்துவிடும். மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

விலை ஏறுமுன் வாங்கி வைப்பதில் நியாயம் உள்ள ஒரே சாமான், இசைத்தட்டு பிளேயரில் ஊசியோடு வரும் கார்ட்ரிட்ஜ்தான் என்பது என் கட்சி. ஊசி தேயும், எப்படியும் இன்னொன்று வாங்கியே ஆகவேண்டும். டெனான் டிஎல்-103 என்ற கார்ட்ரிட்ஜ் 1960-களிலிருந்து இருக்கிறது, மாடல் பழசாகிவிடுமே என்ற பயமும் இல்லை. ஆனால் ஒன்று போதும். மூன்று வாங்கி அலமாரியில் அடுக்கினால், ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் சும்மா இருந்தே இறுகிப்போகும்.