'சார்ஜ்' என்றதும் கட்டணம் என்று எழுதிவிடாதீர்கள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் உட்கார்ந்து பல வருடங்களாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். கடன் படிவம், வாடகை ஒப்பந்தம், கோர்ட் நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்வேன். புதிதாக வருகிறவர்களின் பக்கங்களைத் திருத்தித் தருவதும் இப்போது என் வேலைதான். போன வாரம் ஒரு பெண் கொடுத்த பக்கத்தில் 'முதல் கட்டணம்' என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே தவறை, அதே இரண்டு சொற்களில், நானும் செய்திருக்கிறேன்.

ஒற்றுப்பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். போனுக்குப் போடும் சார்ஜைக் கட்டணம் என்று எந்திரம் மாற்றித் தருவதையும் விட்டுவிடுகிறேன். படித்துப் பார்த்தாலே அவை கண்ணில் படும். கண்ணில் படாதவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

சொத்தின் மீது 'சார்ஜ்'

இரவு 10 மணிக்கு மேல் ஆட்டோவில் ஏறினால் மீட்டருக்கு மேல் பாதி சேர்த்து, ஒன்றரை மடங்கு சார்ஜ். அபார்ட்மென்டில் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் சார்ஜ். இந்த ஊரில் தமிழ் பேசினாலும் கன்னடம் பேசினாலும் சார்ஜ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசுதான். அந்தப் பழக்கத்தில்தான் நானும் விழுந்தேன்.

ஒரு பெரியவர், மகனின் லேத் பட்டறைக் கடனுக்குத் தன் வீட்டை ஈடாகக் காட்டினார். ஆங்கிலப் பத்திரத்தின் தமிழ் வடிவத்தை நான்தான் எழுதினேன். 'ஃபர்ஸ்ட் சார்ஜ்' என்று இருந்த இடத்தில் 'வீட்டின் மீதான முதல் கட்டணம் கடன் தருபவருக்கு உரியது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "இது எவ்வளவு வரும் தம்பி?" என்று கேட்டார். முதலில் கட்ட வேண்டிய ஏதோ ஒரு தொகை என்று நினைத்திருக்கிறார். "அதை அவங்களே சொல்லுவாங்க ஐயா" என்றேன். அந்தக் கேள்வி வந்தபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து, மகளின் கல்யாணத்துக்காக வீட்டை விற்கப் பேசி அட்வான்ஸும் வாங்கிவிட்டார். வாங்க வந்தவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், கடன் அதில் நிற்கிறது. விலை பேசியது கலைந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. இன்றும் அந்தத் தெருப் பக்கம் போனால் எனக்கு மனசு சரியில்லை.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 100ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. ஒருவரின் அசையாச் சொத்து இன்னொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பிணையாக நின்று, அது அடமானமாக இல்லாவிட்டால், அதற்குப் பெயர் 'சார்ஜ்'. 'ஃபர்ஸ்ட் சார்ஜ்' என்றால், அந்தச் சொத்தை விற்று வரும் பணத்தில் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை கடன் தந்தவருக்கு. கம்பெனிகள் தங்கள் சொத்தின் மீது இப்படி ஒன்றை ஏற்படுத்தினால் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இவ்வளவு கனமான ஒன்றைக் கட்டணம் என்று எழுதினால், படிக்கிறவர் வீட்டை மறந்து பர்ஸைத் தொட்டுப் பார்ப்பார். 'இந்த வீடு கடனுக்குப் பிணை. வீட்டை விற்றால் முதலில் கடன் தந்தவருக்குத்தான் பணம்' என்று இரண்டு வரி எழுதுங்கள். நீளமாகிறதே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் பழைய பொருள். கார், கார்கோ எல்லாம் அதே குடும்பம். நம்மிடமும் 'சுமத்து' இருக்கிறதே! குற்றம் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், கடன் சுமை என்கிறோம். 'சார்ஜ்' வந்ததும் அகராதியைத் திறக்கும் முன் யார் மேல் எது ஏறுகிறது என்று பாருங்கள். பெரியவரின் பத்திரத்தில் வீட்டின் மேல் கடன் ஏறியிருந்தது. அதைப் பார்த்திருந்தால் கட்டணம் என்று எழுதியிருக்க மாட்டேன்.

கோர்ட் காகிதத்தில்

'சார்ஜ்டு' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றவாளி அல்ல. தீர்ப்பு வரும் முன்பே ஒருவரைக் குற்றவாளி என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அவர் விடுதலையானார் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அப்புறம், போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்து நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்வது வேறு கட்டம். ஆங்கிலத்தில் இரண்டிலும் 'சார்ஜ்' இருக்கிறது என்பதால் தமிழில் ஒன்றாக்கக் கூடாது.

லத்தி சார்ஜ்

தடியடி.

நடுவில் ஒரு 'த'

'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பில் இருப்பவர். 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றால் இன்னொருவர் பொறுப்பில் விடப்பட்டவர். நர்ஸ் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாரா, குழந்தை நர்ஸைப் பார்த்துக்கொள்கிறதா என்பதே அந்த 'த'வில் இருக்கிறது. வேகமாகப் படித்தால் தவறிவிடும். ஆஸ்பத்திரிப் படிவங்களில் நான் விரலை வைத்துத்தான் படிப்பேன்.

பாடப்புத்தகம்

எலக்ட்ரானில் இருப்பது மின்னூட்டம். பேட்டரிக்குச் செய்வது மின்னேற்றம்.

கணக்கேட்டில்

தேய்மானத்துக்குப் பக்கத்தில் 'சார்ஜ்' வந்தால் யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. மெஷின் பழசாகிறது, அந்த வருடச் செலவில் அதை எழுதுகிறார்கள், அவ்வளவுதான். 'தேய்மானச் செலவு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.