சிசேரியன் என்றதும் என்ன கேட்க வேண்டும்?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2015-16இல் 34.1 சதவீதமாக இருந்த சிசேரியன் 2019-21இல் 44.9 சதவீதமானது. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. அதனால் காரணத்தைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, பிரசவ வலியின்போதும் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, தொப்புள்கொடி முன்னே சரிந்தாலோ வாதாட நேரமில்லை. உடனே சம்மதியுங்கள்.

ஸ்கேனில் 'கொடி சுற்றியிருக்கிறது' என்பது மட்டும் காரணமாகாது. கொடி சுற்றிய குழந்தைகள் பெரும்பாலும் சுகப்பிரசவத்திலேயே பிறக்கின்றன.

'வலி முன்னேறவில்லை' என்றால், கருப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 5 செ.மீ.க்குப் பிறகுதான் பிரசவ வலியின் தீவிர நிலை தொடங்குகிறது. அதற்கு முன் மெதுவாகத் திறப்பது இயல்பு. தாயும் சேயும் நலமாக இருந்தால் காத்திருக்கலாம். கருப்பை வாய் பக்குவப்படாமலே வலி வரவழைக்க மருந்து கொடுத்து, பொறுமையின்றி 'தோல்வி' என்று முடிப்பதுதான் பல முதல் பிரசவங்களில் நடக்கிற தவறு.

குழந்தையின் பிட்டம் கீழே இருந்தால், 37ஆம் வாரவாக்கில் வயிற்றின் மேலிருந்தே திருப்பிவிட முடியுமா என்று விசாரியுங்கள்.

முதல் சிசேரியனே அடுத்ததற்கும் பெரும்பாலும் காரணமாகிறது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாம். கருப்பைத் தழும்பு கிழியும் வாய்ப்பு ஏறக்குறைய 200இல் 1. தோல் தழும்பைப் பார்த்து, கருப்பையில் எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் கருப்பை வெட்டின் வகையை எழுதி வாங்குங்கள்.