அரிசி ஆலைக்கு லேன் போடுவது எப்படி? வயர் வாங்க முதல் செய்யவேண்டிய கணக்கு

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் நடுத்தர அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கந்தோரில் 5 கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், கமரா பதிவுப்பெட்டி. வெளிச்சுவரில் 2 கமரா. கேற்றடியில் லொறி நிறுக்கும் தராசு. அங்கே ஒரு கம்பியூட்டர், 2 கமரா. நடுவில் நெல் காயப்போடும் சீமெந்துக் களம், 80 மீற்றர். இவை எல்லாம் ஒரே லேனில், அதாவது கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் உள்வலையில், வேலை செய்யவேண்டும்.

நெட்வேர்க் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அது பழுதானால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். சுவருக்குள் போன வயரை மாற்றுவதென்றால் சாந்து உடைக்கவேண்டும். காசு மட்டென்றால் பெட்டியில் குறையுங்கள், வயரில் கைவைக்காதீர்கள்.

படி 1: போர்ட் எண்ணுதல்

போர்ட் என்பது சுவிட்சில் வயர் செருகும் துளை. ஒரு தாளில் கட்டிடத்தைக் கீறி, கருவி இருக்கும் இடமெல்லாம் புள்ளி வையுங்கள். கந்தோர்ப் பக்கம்: கம்பியூட்டர் 5, பிரிண்டர் 1, பதிவுப்பெட்டி 1, வைஃபை பெட்டி 1, ரவுட்டர் 1, கமரா 2, தராசடிக்குப் போகும் இணைப்பு 1. மொத்தம் 12. ஆகவே 16 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச். தராசடிக்கு 5 போர்ட் போதும். கமராவுக்கு நெட்வேர்க் வயரிலேயே கரண்ட் கொடுப்பதென்றால் இரண்டு பக்கமும் பிஓஇ வகை எடுக்கவேண்டும். வாங்கும்போது எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் கொடுக்கும் என்று பாருங்கள்; போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கினால் கடைசிக் கமரா வேலை செய்யாது.

படி 2: வயர் அளத்தல்

ஒரு செப்பு நெட்வேர்க் வயருக்கு எல்லை 100 மீற்றர். சுவரோரம் நடந்து அளவு நாடாவால் அளங்கள். ஏறி இறங்கும் உயரத்தையும், இரு முனையிலும் 2 மீற்றரையும் சேருங்கள். மேசைக்கு ஒன்றல்ல, இரண்டு வயர் இழுங்கள். அப்படியானால் மேசைகளுக்கு 10, பிரிண்டர், வைஃபை, 2 கமராவுக்கு 4. ஒன்று சராசரி 18 மீற்றர் என்றால் 252 மீற்றர். 305 மீற்றர்ப் பெட்டி ஒன்றில் முடியும்.

கடையில் கேட் 6 வகை வயர் கேளுங்கள், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். உள்கம்பி ஒன்றைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவுதான். ஆனால் வளைவில் முறியும், தூரத்துக் கமராவுக்கு வோல்டேஜ் போய்ச்சேராது.

படி 3: தராசடிக்கு பைபர் (கண்ணாடி இழை வயர்)

80 மீற்றர் தானே, செப்பு வயர் போதாதா என்று கேட்பீர்கள். தூரத்துக்குப் போதும், இடிக்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பின்னேரத்து இடிமின்னல் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. திறந்த களத்தைத் தாண்டிப்போகும் செப்பு வயர், பக்கத்தில் விழும் இடியின் மின்பாய்ச்சலை இரு முனையிலும் உள்ள சுவிட்சுக்குள் கொண்டுவரும். இரண்டு கட்டிடத்தின் ஏர்த்தும் வேறுவேறாக இருந்தால் ஆபத்து இன்னும் கூட. கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது. உலோகக் கம்பி இல்லாத பைபராக வாங்கிக் குழாய்க்குள் போடுங்கள். பைபரைச் செப்பு வயரோடு சேர்க்க இரு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். அது ஒற்றை இழை வகை என்றால் ஒரு முனைக்கு 'ஏ', மறுமுனைக்கு 'பி'. இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தால் இணைப்பு வராது.

படி 4: வயர் போகும் வழி

கரண்ட் வயருக்குப் பக்கத்தில் நீளத்துக்கு ஓட்டாதீர்கள். ஒரு அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடப்பதென்றால் நேர்கோணத்தில் கடக்கவும். ஆலை மோட்டர் வயருக்கு இன்னும் தள்ளி. எலி கடிக்கும், ஆகவே குழாய் கட்டாயம். சுவிட்ச் பெட்டியை மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில், தவிட்டுத் தூசி அடையாத கந்தோர் அறையில் பூட்டுங்கள்.

படி 5: முனை அடித்தல்

வெளித்தோலை 3 சென்ரிமீற்றர் உரித்து, கம்பிகளை நேராக்கி, இடமிருந்து இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். நுனியை 12 மில்லிமீற்றராக ஒரே மட்டத்துக்கு வெட்டி, ஆர்ஜே45 முனையின் (போர்ட்டில் செருகும் பிளாஸ்டிக் முனை) கொழுவி கீழ்ப்பக்கம் இருக்கத் தள்ளுங்கள். முன்னால் பார்த்தால் எட்டுச் செப்புப் புள்ளியும் தெரியவேண்டும்; பின்னால் வெளித்தோல் முனைக்குள் போயிருக்கவேண்டும். பிறகுதான் முனையை இறுக்கும் குறடான கிரிம்பரை அழுத்துவது.

இரு முனையிலும் ஒரே ஒழுங்கு என்றால் எந்த ஒழுங்கும் சரி என்று சிலர் சொல்வார்கள். பிழை. வயருக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிச் சோடி பிரிந்துவிட்டால் மலிவு டெஸ்ட்டரில் எட்டு லைட்டும் எரியும், ஆனால் பைல் அனுப்பும்போது லேன் இழுபடும். இணைப்பு வேகத்தையும் பாருங்கள்: 1 ஜிகாபிட் வரவேண்டிய இடத்தில் 100 மெகாபிட் காட்டினால் பெரும்பாலும் நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒரு கம்பி பிடிபடவில்லை. முனையை வெட்டித் திரும்ப அடியுங்கள்.

படி 6: ஐபி இலக்கங்கள்

ஐபி இலக்கம் என்பது லேனில் ஒவ்வொரு கருவியின் முகவரி. ரவுட்டர் 192.168.1.1. மற்றவற்றுக்குக் கடைசி எண் மட்டும் மாறும்: பிரிண்டர் 11, பதிவுப்பெட்டி 20, கமராக்கள் 21 முதல் 24, தராசுக் கம்பியூட்டர் 31. இவற்றுக்கு நிலையான இலக்கம். ரவுட்டர் தானாகக் கொடுப்பது 100 முதல் 199 வரை மட்டும். இரண்டும் கலந்தால் ஒருநாள் பிரிண்டரின் இலக்கம் யாரோ ஒருவருடைய போனுக்குப் போகும். வேலையாட்களின் போனுக்கு விருந்தினர் வைஃபை தனியாக.

பிழைத்தால்

கம்பியூட்டரில் 169.254 என்று தொடங்கும் இலக்கம் வந்தால் ரவுட்டர் இலக்கம் கொடுக்கவில்லை. முதலில் வயரைப் பாருங்கள். 192.168.0 என்று வேறு வரிசை வந்தால், பழைய ரவுட்டர் ஒன்றை யாரோ செருகியிருக்கிறார்கள். எல்லாம் ஒரேயடியாக நின்று, சுவிட்ச் லைட் முழுவதும் வெறித்தனமாகச் சிமிட்டினால் ஒரே வயரின் இரு முனையும் அதே சுவிட்சில் கிடக்கும். கழற்றினால் சரி.

ஆலை மோட்டர் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும். கம்பியூட்டருக்கு யூபிஎஸ் இருந்தாலும் சுவிட்ச் அணைந்து எழும்பினால் பில் அரைவாசியில் நிற்கும். அதனால் சுவிட்ச், ரவுட்டர், இரு பக்கக் கன்வேர்ட்டருக்கும் சிறு யூபிஎஸ் வேண்டும். கந்தோரிலிருந்து 31ஆம் இலக்கத்துக்குப் பிங் (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை) ஓடவிட்டு மோட்டரைப் போடச் சொல்லுங்கள். ஒரு பதிலும் தவறக்கூடாது. பிறகு ஒவ்வொரு வயரின் இரு முனைக்கும் இலக்கம் ஒட்டி, முதற்படியில் கீறிய தாளில் அதைக் குறித்து, சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.