கண்டமான சுமோவிலிருந்து பழைய 207-க்கு ஒரு செல்ஃப் மோட்டார்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு டாடா 207 பிக்கப் வண்டிக்கு முப்பது வயது ஆகப்போகிறது. டிஎன் 23 பதிவு, 1,948 சிசி டீசல் இன்ஜின். அணைக்கட்டுப் பக்கத்து நிலத்திலிருந்து தேங்காய் ஏற்றி வருவதும், செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு கொண்டுபோவதும் இன்றைக்கும் அதில்தான். போன மாசம் ஒரு செவ்வாய் விடியற்காலை, மாட்டை ஏற்றிக் கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. நாலு பேர் தள்ளித்தான் கிளப்பினோம். பிறகு காயலான் கடையில் கிடந்த ஒரு டாடா சுமோவின் செல்ஃப் மோட்டாரை (சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) வாங்கி நானே மாட்டினேன். நிதானமாகச் செய்தால் புதியவர்களும் ஒரு பகலில் முடித்துவிடலாம்.

முதலில் மோட்டார்தானா என்று பாருங்கள்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் மோட்டாரைக் கழற்றக் கூடாது. வேலூர் வெயிலில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அதைப் பாருங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டார் உள்ளே இறுகியிருக்கலாம். வெளிச்சம் குறையாமல் ‘டக்’ மட்டும் கேட்டால் சோலனாய்டு (மோட்டார் மேல் இருக்கும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட் அல்லது கார்பன் புருஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) போயிருக்கும். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பினியன் (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) பக்கம் கோளாறு.

கழற்றும்போது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கீழே போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு இல்லையா, கனமான மரக்கட்டைகளைச் சேஸிஸுக்கு அடியில் அடுக்குங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். மோட்டாருக்கு வரும் தடித்த ஒயருக்குப் பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது உங்கள் ஸ்பானர் அந்த ஒயரையும் பாடியையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் ஸ்பானரே உருகும் அளவுக்குப் பொறி பறக்கும். ஒயர்களைப் பிரிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நல்ல கனம். கடைசி போல்ட்டைத் திருகும்போது ஒரு கை கீழே தாங்கலாக இருக்கட்டும்.

மோட்டார் வந்த ஓட்டை வழியாக ரிங் கியரை (பினியன் கடித்துச் சுற்றும் இன்ஜின் பக்கத்துப் பெரிய பல்சக்கரம்) பார்க்காமல் நகராதீர்கள். நான் முதல்தடவை இதை விட்டுவிட்டு, மோட்டாரை மாட்டிய பிறகு ‘கரக்’ சத்தம் கேட்டு மறுபடி கழற்றினேன். இன்ஜின் முன்பக்கக் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் தேய்மானமும் அந்த இரண்டு இடத்தில்தான் தெரியும். என் வண்டியில் மற்ற பற்கள் எல்லாம் சதுரமாக நிற்க, அங்கே மட்டும் ஏழெட்டுப் பற்கள் முனை மழுங்கி, எலி கொறித்த தேங்காய்ப் பத்தை போல இருந்தன. லேசான தேய்மானம் என்றால் ஓட்டலாம். பல்லே உடைந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அது மெக்கானிக் வேலை.

காயலான் கடையில்

சுமோ 1994-ல் வந்தபோது அதற்கும் பழைய 207-க்கும் இதே 1,948 சிசி இன்ஜின்தான். அதனால்தான் எனக்கு இது பொருந்தியது. பிறகு வந்த 207 டிஐ-யின் இன்ஜின் வேறு. ‘எல்லாம் ஒண்ணுதாங்க’ என்று சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய மோட்டாரைச் சாக்கில் கட்டி எடுத்துப் போங்கள். நான் போன கடையில் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே, “பழச எடுத்தாந்தியா தம்பி?” என்பதுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பினியன் பல்லை எண்ணுங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, மாட்டும் முகத்திலிருந்து பினியன் வரை உள்ள நீளம், சுற்றும் திசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தகட்டில் 12 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், பெரிய லாரி மோட்டார்கள் பல 24 வோல்ட். பினியனைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது, ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது.

அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கிளம்பும்போது துள்ளும் என்பதால் வைஸில் கட்டிக்கொள்ள வேண்டும். பேட்டரி நெகட்டிவை மோட்டார் உடம்பிலும், பாசிட்டிவை சோலனாய்டில் பேட்டரி ஒயர் வரும் பெரிய போல்ட்டிலும் கொடுத்து, அந்த போல்ட்டிலிருந்து சோலனாய்டின் சின்ன முனைக்கு ஒரு ஒயரால் தொடுங்கள். பினியன் ‘சடக்’கென்று முன்னால் பாய்ந்து சுற்ற வேண்டும். பாயாமல் சுற்றினாலும், சுற்றாமல் பாய்ந்தாலும் வேண்டாம்.

பில் கேளுங்கள். செல்ஃப் மோட்டாருக்கு ஆர்சி புத்தகத்தில் வேலையில்லை. ஆனால் இதே போல முழு இன்ஜின் வாங்கி மாற்றினால் ஆர்டிஓ அனுமதியும் பதிவும் கட்டாயம்.

அதே சுமோவிலிருந்து கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ஹாரன், டைனமோ எல்லாம் பார்த்து எடுக்கலாம். பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், டை ராடு எண்டு, ரப்பர் ஹோஸ், டீசல் பைப் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே வாங்காதீர்கள். வண்டியின் பின்னால் ஏறி நிற்கிற ஆட்களின் உயிர் அதில் இருக்கிறது.

மாட்டுவதற்கு முன்

பின்மூடியைத் திறந்து கார்பன் புருஷைப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுசு போடுங்கள், அதிகச் செலவில்லை. கம்யூட்டேட்டர் (புருஷ் உரசும் செம்பு உருளை) கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் உப்புத்தாளால் செம்பு நிறம் வரும்வரை சுற்றித் தேய்த்து, தூசியை ஊதிவிடுங்கள். மாட்டும் முகத்திலிருக்கும் துருவையும் கிரீஸையும் சுத்தமாகச் சுரண்டுங்கள். மோட்டாருக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான் வருகிறது.

போல்ட்டுகளைக் கையால் பாதி திருகி, சரியாக உட்கார்ந்த பிறகு மாறி மாறி இறுக்குங்கள். தடித்த ஒயரின் முனை பாடியில் உரசாமல் திருப்பி வையுங்கள். கடைசியாக நெகட்டிவை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்ற விடாதீர்கள், ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜும் சரி.

ஒரு வாரம் ஓட்டியபின் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்மூடியும் புருஷ் பிளேட்டும் போல்ட்டுகளும் அடுத்த தடவைக்கு ஆகும்.