படித்து முடித்தாலும் விலகாத அக்காக்கள்: சொராரிட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கத்தில் சேர்ந்தவர் ஆயுளுக்கும் உறுப்பினர்தான். படித்து முடித்தவர்கள் ஆலோசகர்களாகத் திரும்பி வருவார்கள். மாணவிகள் தங்கும் வீட்டை நிர்வகிப்பதும் பல இடங்களில் அவர்கள்தான். உரசலும் அங்கேதான் ஆரம்பம்.

யாரைச் சேர்ப்பது என்பதில் மூத்தவர்கள் கைவைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-இல் இது வெட்டவெளிச்சமானது. நன்றாகப் படிக்கும் ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க உள்ளே இருந்த மாணவிகள் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள் என்று மாணவர் பத்திரிகையான ‘தி கிரிம்சன் ஒயிட்’ எழுதியது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகம் தலையிட்டு, சேர்க்கையைத் தொடர வைத்தது. கறுப்பின மாணவிகள் சிலருக்கு அந்த ஆண்டே அழைப்பு கிடைத்தது. வீடும் நிதியும் கையில் இருப்பவர் சொன்னால் அது யோசனையாக இருக்காது, உத்தரவாகத்தான் கேட்கும். தேர்வு நடக்கும்போது ஆலோசகர் விதிமுறையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ‘என் மகளுக்கு இடம் இல்லையா?’ என்று சண்டைக்குப் போவதும் வேண்டாம். வாரிசு முன்னுரிமையைப் பல சங்கங்கள் கைவிட்டாயிற்று.

அடுத்தது, ‘எங்கள் காலத்தில் நாங்கள் பட்டது தெரியுமா?’ என்ற பேச்சு. கறுப்பின மாணவிகள் தொடங்கிய சங்கங்கள் (கறுப்பினச் சங்கங்கள்), சேர வருபவர்களை உறுப்பினராக்கும் முன் சோதித்துப் பார்க்கும் பழைய பயிற்சிக்கால முறையை 1990-இல் அதிகாரபூர்வமாக ஒழித்தன. அதன் பிறகு வந்தவர்களைப் ‘பேப்பரில் மட்டும் உறுப்பினர்’ என்று சீண்டினால், மானம் காக்க அந்தப் பெண்கள் ரகசிய ராகிங்குக்குத் தலையைக் கொடுப்பார்கள். பழங்கதையாகச் சொன்னாலும் விளைவு அதேதான்.

சரி, மாணவிகள் பக்கம் தவறே இல்லையா? நன்கொடை கேட்க மட்டும் அழைப்பது ஒன்று. பட்டம் வாங்கியவரை விருந்தாளியாக நினைப்பது இன்னொன்று. கறுப்பினச் சங்கங்களில் பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு. மாணவிகளின் கிளையை மேற்பார்வை செய்வதும் அவர்கள் வேலைதான். படித்து முடித்தும் விலகாததற்கு ஓர் உதாரணம்: சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1986-இல் ஆல்பா கப்பா ஆல்பா என்ற கறுப்பினச் சங்கத்தில் சேர்ந்தவர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்தபோது, 2024 ஜூலையில் டல்லாஸில் நடந்த அதன் மாநாட்டில் பேசினார்.

மாணவப் பொறுப்பாளர்கள் வருடாவருடம் மாறிவிடுவார்கள். அதனால் வீட்டு வாடகை, பழுதுபார்ப்புச் செலவு, எதில் யார் முடிவெடுப்பது போன்றவற்றை ஆலோசகருடன் உட்கார்ந்து பேசி எழுதிவைத்து, அடுத்து வரும் குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.